பார்வைத் தாரா

உப்பங்கழிக் கரையில் நீர்ப்பறவைகளுக்கென்று ஒரு காட்சியகம் இருந்தது. குரு தம் சீடர்கள் இருவரோடு அங்கே போனார். மூத்தவர் சிவக்கொழுந்து, குருவின் நிழலிலேயே தலை நரைத்தவர். இளையவர் நல்லபெருமாள், நேற்று வந்தவர் என்றே சொல்லலாம்.

கோடியூர்க் கிளை மடத்துக்கு நல்லபெருமாளைத் தலைவராக்கப் போவதாக முந்தாநாள்தான் குரு அறிவித்திருந்தார். அது முதல் சிவக்கொழுந்துக்குச் சோறு இறங்கவில்லை. நல்லபெருமாள் சிரித்தால் ஏளனமாகப் பட்டது. பணிந்து நின்றால் நடிப்பாகப் பட்டது.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மர வாத்து இருந்தது. கழுத்தில் பச்சை வண்ணம், கண்ணில் கறுப்பு மணி.

"இது பார்வைத் தாரா" என்றாள் காட்சியகத்தைச் சுற்றிக் காட்டிய செலினா. "அந்தக் காலத்து வேட்டைக்காரங்க இதைத் தண்ணியில மிதக்க விடுவாங்க. மேல பறக்குற கூட்டம் பார்க்கும். நம்ம ஆளு ஒண்ணு சுகமா மேயுதுன்னு நினைச்சு இறங்கும். அப்புறம் வலைதான்."

குரு பெட்டியருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

வாசலில் யாரோ ஒரு குடும்பம் நல்லபெருமாளின் காலில் விழுந்துகொண்டிருந்தது. அதைக் கண்டதும் சிவக்கொழுந்துக்கு அடக்க முடியவில்லை.

"சாமி, எனக்கு என்ன குறைன்னு அவனுக்குக் கொடுத்தீங்க?"

குரு நிமிரவில்லை. "இந்தத் தாராவைப் பார்த்து இறங்கின பறவைக்கு, மேலே பறந்தபோது பசி இருந்திருக்குமா?"

"இருந்திருக்காது. பார்த்ததும் வந்திருக்கும்."

சொன்ன பிறகுதான் அவருக்கு ஏதோ உறைத்தது. உடனே முகம் மலர்ந்தது.

"அப்போ நல்லபெருமாள் வெறும் மரம்னு சொல்றீங்களா, சாமி?"

குரு மெல்ல நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் அவன் என்கிட்ட வந்து அழுதான். 'சிவக்கொழுந்தை மட்டும் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு என்னைத் தூரமா அனுப்புறீங்களே, எனக்கு என்ன குறை?'ன்னு கேட்டான்."