படிக்க மட்டும்

மலையடிவாரத்து மடத்தில் மாசிலாமணிதான் வயதில் மூத்த சீடர். குருவாக இருந்த அம்மையைவிடப் பதினோரு வயது கூட. கம்ப்யூட்டர் கம்பெனியில் முப்பது வருஷம் உழைத்துவிட்டு, மனைவி போன பிறகு வந்து சேர்ந்தவர்.

அம்மைக்கு எங்கிருந்தெல்லாமோ கடிதம் வரும். வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாததை எழுதுவார்கள். அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, மூன்று ஏஐ ஏஜென்ட்டுகளை வேலைக்கு வைத்தார் மாசிலாமணி. பதில் எழுத ஒன்று, தங்கும் அறைகளைப் பார்த்துக்கொள்ள ஒன்று, சமையல் சீட்டுப் போட ஒன்று. மூன்றுக்கும் எல்லாக் கடிதங்களையும் திறந்துவிட்டார். படிக்கலாம், ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அதை நினைத்து நிம்மதியாகத் தூங்கினார்.

ஒரு காலை, நான்காம் அறையில் இருந்த குழல்வாய்மொழி பையும் கையுமாக வாசலில் நின்றாள். கணவனின் அடி தாங்காமல், அம்மைக்கு எழுதிவிட்டு வந்து ஒளிந்திருந்தவள். அந்தக் கணவன் தன் பெயரைச் சொல்லி, மடத்தில் தங்க இடம் கிடைக்குமா என்று பணிவாக ஒரு வரி கேட்டிருக்கிறான். அவள் கடிதத்தைப் படித்திருந்த அறை பார்க்கும் ஏஜென்ட், உங்கள் மனைவி நான்கில் இருக்கிறார், ஐந்தாம் அறையை உங்களுக்கே வைத்திருக்கிறேன் என்று அன்பாகப் பதில் போட்டுவிட்டது. சாயங்காலம் வருகிறேன் என்ற சேதியோடு, அந்தப் பதிலை அவன் அவளுக்கே அனுப்பியிருந்தான்.

மாசிலாமணி ஓடிப்போய்க் கடிதங்களைச் சரிபார்த்தார். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன.

"ஒரு புள்ளிகூட மாறவில்லை, அம்மை. படித்தது, அவ்வளவுதான். தப்பு எங்கே நடந்தது?"

அம்மை அவரைச் சமையற்கட்டுக்கு அழைத்துப் போனார். அரிசி களைந்துகொண்டிருந்த சொக்கி, கம்ப்யூட்டர் சாமிக்கு இங்கே என்ன சோலி என்று கிண்டலடித்தாள். தனியாக மூடியிருந்த இரண்டு தட்டுகளைக் காட்டி, உப்பில்லாத சோறு யாருக்கு என்று விசாரித்தார் அம்மை.

"ரெண்டுன்னு சீட்டு வந்துச்சு. அலமாரியில வச்சிருவேன், வேணுங்கிறவங்க எடுத்துக்குவாங்க. எப்பவும் அப்படித்தானே."

"பெயர் தெரிந்தால் சோறு கெட்டுவிடுமா?" என்றார் மாசிலாமணி.

"சோறு கெடாது சாமி. நாளைக்கு அவங்க எதிர்ல வந்தா என் மூஞ்சி காட்டிக்குடுத்துரும்."

மாசிலாமணி கொதிக்கும் உலையைப் பார்த்தபடி நின்றார். பிறகு, படித்ததை வெளியே சொல்லாதே என்று ஏஜென்ட்டுக்கு ஒரு கட்டளை எழுதிவிடலாமே என்றார்.

"எழுதுங்கள். சொக்கியின் மூஞ்சிக்கும் சேர்த்து ஒன்று எழுதிவிடுங்கள்" என்றார் அம்மை.

சொக்கி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் போய் எல்லாக் கடிதங்களையும் மூடினார். அறை பார்க்கும் ஏஜென்ட்டுக்கு எந்த அறை காலி என்பது மட்டும். சமையலுக்கு எண்ணிக்கை மட்டும். பதில் எழுதுவதற்கு, யாருக்கு எழுதுகிறதோ அவர் எழுதிய கடிதம் மட்டும்.

திரும்பியபோது மடத்து ஜீப் புறப்படத் தயாராக நின்றது. பின்னால் குழல்வாய்மொழி பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாசிலாமணி அம்மையின் அருகே போய், அந்தப் பெண்ணை எந்த ஊருக்கு அனுப்புகிறீர்கள், போன இடத்தில் சுகமாக இருக்கிறாளா என்று நானே அவ்வப்போது விசாரித்துக்கொள்கிறேன் என்றார்.

அம்மை சமையற்கட்டின் பக்கம் கைகாட்டினார்.

"ஒரு ஆள். ஒரு நாள் வழி. அதற்குத் தாங்குகிற மாதிரி புளிச்சோறு கட்டிக்கொண்டு வாருங்கள்."