நூறாவது ஆளின் பதக்கம்

பதக்கம் ஒன்று. அதற்கு உரிமை மூன்று பேருக்கு. இதைக் கேட்டவர்கள் இதுவரை ஒரே தீர்ப்பாகச் சொன்னதில்லை. நீங்களாவது யோசித்துச் சொல்லுங்கள். அவசரம் ஒன்றுமில்லை, சாக வேண்டியவர்களெல்லாம் எப்போதோ செத்தாயிற்று.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலம். எங்கள் ரப்பர் தோட்டத்தை ஒட்டி முள்கம்பி போட்டு, சண்டையில் பிடிபட்ட ஆஸ்திரேலியச் சிப்பாய்களை அடைத்து வைத்திருந்தான். அரைவயிற்றுக் கஞ்சிதான். அதைக் குடித்துவிட்டு அந்த மகராசன்கள் பந்து விளையாடினார்கள்! அவர்கள் ஊர் ஆட்டம். பந்து முட்டை மாதிரி நீண்டிருக்கும். கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், முஷ்டியால் குத்தி அனுப்பலாம், எறிய மட்டும் கூடாது. எறிந்தால் நடுவர் விசில் ஊதிவிடுவார்.

விறகு வெட்டுகிறவர்கள் ஓர் அணி, சமையல்காரர்கள் ஓர் அணி. இறுதி ஆட்டத்தில் சிறந்தவனுக்கென்று சாப்பாட்டுத் தகரம் ஒன்றை வெட்டித் தட்டிப் பதக்கம் செய்தார்கள். யார் சிறந்தவன் என்பதை நடுவர் மட்டும்தான் முடிவு செய்வார். அணிப் பட்டியலில் இருக்கும் ஒரு பெயரைச் சீட்டில் எழுதி மடித்துவிடுவார். எழுதியபின் மாற்ற முடியாது. நடுவராக இருந்தவர் ஹெட்லி என்ற சார்ஜெண்ட். ரொம்ப இளகிய மனசுக்காரர் என்று பெயர்.

விறகு அணியில் மேக்கி என்பவன் முதல்நாள்தான் காய்ச்சலில் செத்துப்போயிருந்தான். பட்டியலிலிருந்து அவன் பெயரை அடிக்கக் கூட்டாளிகளுக்கு மனம் வரவில்லை. அவன் இடத்தைக் காலியாகவே விட்டு, ஓர் ஆள் குறைவாக இறங்கினார்கள். அந்தக் குறையை ஈடுகட்டியவன் டன்ஸ்டன். என்ன ஆட்டம் என்கிறீர்கள்! ஒற்றை ஆளாக நின்று விறகு அணியை ஜெயிக்க வைத்தான்.

ஆட்டத்தின் நடுவே பந்து வேலியைத் தாண்டி மரவள்ளிக் கொல்லையில் விழுந்தது. அங்கே கொத்திக்கொண்டிருந்தவர் அதை எடுத்து, ஒரே வீச்சில் மைதானத்தின் நடுவுக்கு எறிந்தார். ஹெட்லி வேடிக்கையாக விசில் ஊதி, "ஃபவுல்!" என்று அவரைக் கை காட்டினார். கைதிகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஜப்பான்கார முகாம் அதிகாரியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அந்தக் கையின் பலத்தைப் பார்த்து வைத்துக்கொண்டான். அது என் அப்பா சடையப்பனின் கை.

ஆட்டம் முடிந்ததும் அதிகாரி ஹெட்லியைத் தனியே கூப்பிட்டான். "சயாம் ரயில்பாதை வேலைக்கு நாளை நூறு பேர் போக வேண்டும். தொண்ணூற்றொன்பது பேரை எழுதியாயிற்று. உன் சீட்டில் இருக்கிறவன்தான் நூறாவது ஆள். எனக்குப் பலசாலி வேண்டும்" என்றான். சயாமுக்குப் போகிறவன் பெரும்பாலும் திரும்புவதில்லை என்பது அதற்குள் முகாமுக்கே தெரியும்.

ஹெட்லியின் கையில் பென்சில் இருக்கிறது. உண்மையை எழுதினால் டன்ஸ்டன் சாவான். வேறு யாரை எழுதினாலும் அந்த ஆள் சாவான். செத்தவனை மறுபடியும் சாகடிக்க முடியாதே என்று நினைத்து, 'மேக்கி' என்று எழுதி மடித்துக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, அதிகாரி சீட்டைப் பிரித்தான். பெயரைச் சயாம் பட்டியலில் எழுதிக்கொண்டு உரக்கக் கூப்பிட்டான். பதில் இல்லை. விஷயம் தெரிந்ததும் ஹெட்லிக்குக் கன்னத்தில் இரண்டு அறை விழுந்தது, அவ்வளவுதான். பாவி அதிகாரி, பட்டியலில் எழுதிய பெயரைக்கூட மாற்றவில்லை. வேலிப்பக்கம் கையை மட்டும் நீட்டினான். இரண்டு சிப்பாய்கள் தொழிலாளர் லயத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து, கிழங்கு தின்றுகொண்டிருந்த அப்பாவை இழுத்துப் போய் வரிசையில் நிறுத்தினார்கள். எதற்கு என்று கேட்கக்கூட அவருக்குப் பாஷை தெரியாது. டன்ஸ்டன் பார்த்துக்கொண்டுதான் நின்றான். "இன்றைக்குச் சிறந்தவன் நான்" என்று ஓர் அடி முன்னால் வந்திருக்கலாம். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அதன்பிறகு 'மேக்கி' என்று கூப்பிட்ட போதெல்லாம் அப்பா கை தூக்க வேண்டும். திரும்பி வந்த நாலைந்து பேரில் ஒருவர் சொன்னது இது. ஏழு மாதம் தூக்கினாராம். குழிமேல் நட்ட கட்டையிலும் மேக்கி என்றுதான் எழுதினார்களாம்.

சண்டை முடிந்தபோது பதக்கம் ஹெட்லியிடம் இருந்தது. சீட்டில் இருப்பது என் புருஷன் பெயர்தானே என்று மேக்கியின் மனைவி கடிதம் போட்டாள். ஆடி ஜெயித்தவன் நான்தானே என்று டன்ஸ்டன் வந்து நின்றான். ஹெட்லிக்கு என்ன உறுத்தியதோ, கப்பலேறி எங்கள் தோட்டத்துக்கே வந்து, நடந்ததையெல்லாம் சொல்லிப் பதக்கத்தை என் அம்மா முன்னால் வைத்தார். தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி இருவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தார்.

அம்மா அதைத் தொடவில்லை. "துரை, ஒருத்தனைக் காப்பாத்துனீங்க, நல்லது. அவனுக்கு நூறு ஆளு வேணும்னா நூறாவதா யாரையாச்சும் புடிப்பான்னு உங்களுக்குத் தோணலையா?"

"வேலிக்கு இந்தப் பக்கம் மனிதர்கள் இருப்பது என் நினைவுக்கு வரவில்லை" என்றார் ஹெட்லி.

"பந்தை எறிஞ்சப்போ மட்டும் பாத்து ஊதுனீங்களே?"

ஹெட்லி பதக்கத்தை இன்னும் கொஞ்சம் அம்மா பக்கம் நகர்த்தி வைத்தார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஆடியவன் டன்ஸ்டன். எழுதப்பட்டவன் மேக்கி. ரயிலேறிப் போனவர் என் அப்பா. இந்த மூவரில் பதக்கம் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: நடுவர் எழுதிய பெயரை மாற்ற முடியாது என்பது விதி. அதனால் டன்ஸ்டனுக்கு இல்லை. சீட்டில் இருப்பது மேக்கி. ஆனால் அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது கை தூக்கியவர், அந்தப் பெயருக்காக வேலை செய்து செத்தவர் என் அப்பா. ஆகவே பதக்கம் எங்களுடையது. நான் கண்டுபிடித்த இந்தத் தீர்ப்பை அன்றைக்கே அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா பதக்கத்தை ஹெட்லி பக்கம் தள்ளிவிட்டு, "கொண்டு போகச் சொல்லு. மேக்கின்னு யாரையும் எனக்குத் தெரியாது" என்றாள்.