வளைந்த சட்டமும் ராமாத்தாளின் முதுகும்

தீர்ப்புச் சொல்லத் துணிவுள்ளவர்கள் மட்டும் இதைக் கேளுங்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று நழுவுகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

கோவைக்குக் கிழக்கே ஒரு பஞ்சாலை இருந்தது. அதன் தொழிற்சங்கத்துக்கு ஒரு பழைய அம்பாசிடர் கார் இருந்தது. ஆலை வளாகத்துக்குள் தடியடி நடந்த நாளில், அடிபட்டவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு, பூட்டியிருந்த கேட்டை இடித்துத் தள்ளி ஆஸ்பத்திரிக்கு ஓட்டியவர் டிரைவர் தேவசகாயம். அந்த இடியில் முன்சக்கரங்களைத் தாங்கும் இரும்புச் சட்டம் வளைந்தது. அன்றுமுதல் ஸ்டியரிங்கை விட்டால் வண்டி இடது பக்கமே இழுக்கும். நம்ம வண்டிக்குக் கொள்கைப் பிடிப்பு ஜாஸ்தி என்று சங்கத்தில் சிரிப்பார்கள்.

அன்று பின்சீட்டில் கிடந்தவர்களில் ஒருத்தி ராமாத்தாள், நூல் சுற்றும் பிரிவுத் தொழிலாளி. அடி முதுகெலும்பில். மறுபடியும் இதே வண்டியில் கேட்டுக்குக் கூட்டிப்போவாயா என்று அவள் கேட்டாள். போவேன் என்றார் தேவசகாயம். அதன்பின் ஆண்டுதோறும் அந்த நாளில் ஊர்வலத்துக்கு முன்னால் அந்தக் கார் போகும். முன்சீட்டில் கொடியோடு ராமாத்தாள். கேட்டில் இறங்கி அவள்தான் கொடியேற்றுவாள்.

ஆலை மூடப்பட்டது. நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்தது. பழைய கேட்டின் தூண் ஒன்றை மட்டும் அழகுக்காக உள்ளே விட்டுவைத்தார்கள். ஊர்வலம் அதுவரை போய்வர ஆண்டுக்கொருமுறை அனுமதி. சங்கத்தால் காரைப் பராமரிக்க முடியாமல் தேவசகாயத்திடமே ஒப்படைத்தபோது, பொதுக்குழுவில் எழுந்து நின்று, அன்றைக்கு இருந்தபடியே வைத்திருப்பேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். இரண்டு வாக்குகளும் ஒன்றையொன்று இடிக்காமல் பல ஆண்டுகள் ஓடின. ராமாத்தாளும் பாட்டுப் பாடிக்கொண்டே போய்வந்தாள்.

போன ஆண்டு அந்த வாக்குகள் இடித்துக்கொண்டன. குடியிருப்போர் சங்கம் தூண்வரைக்குமான பாதையில் புதிதாக வேகத்தடைகள் போட்டிருந்தது. முதல் தடையில் ராமாத்தாள் பல்லைக் கடித்தாள். அடுத்ததில் கொடி கையைவிட்டு நழுவியது. தூணருகே அவளைத் தூக்கித்தான் இறக்கினார்கள். இன்னொருமுறை இப்படிக் குலுங்கினால் கால்கள் போய்விடும் என்றார் டாக்டர். வேறு நல்ல வண்டியில் வரச் சொல்லிப் பார்த்தார்கள். அப்போ அடிபட்டவளும் வேற ஒருத்தியா என்று கேட்டாள்.

தேவசகாயம் உக்கடத்து மெக்கானிக் யூசுப்பிடம் போனார். யூசுப் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தார். முன் சஸ்பென்ஷனையே மாற்ற வேண்டும். சுருள் ஸ்பிரிங்கும் புதுவகை ஷாக் அப்சார்பரும் போட்டால் வண்டி மெத்தைபோல் போகும். ஆனால் வளைந்த சட்டத்தை வெட்டி எடுத்தால்தான் அவை உட்காரும் என்றார்.

சங்கக்காரர்கள் சும்மா விடுவார்களா? ஷாக் அப்சார்பருக்கு ஒரு பொதுக்குழு கூடியது. தீர்மானம், அதற்குத் திருத்தம், திருத்தத்துக்கு ஒரு திருத்தம். செயலாளர் நாச்சிமுத்து எழுந்தார்.

“மில்லு இல்ல, கேட்டு இல்ல தோழர். அந்த வளைவு ஒண்ணுதான் நம்ம கையில மிச்சமிருக்கிற சாட்சி. அதையும் நிமித்திட்டா அன்னைக்கு ஒண்ணுமே நடக்கலைன்னு சொல்லிருவானுங்க.”

விளக்கம் சொல்ல அழைக்கப்பட்டிருந்த யூசுப் வாசலோரம் நின்றபடி கேட்டார்: “இரும்பு வளைஞ்சா சாட்சி. அந்தம்மா முதுகு வளைஞ்சா அது என்னங்கய்யா?”

 ஓட்டெடுப்பு சமமாக முடிந்து, முடிவு தள்ளிவைக்கப்பட்டது. நாள் நெருங்கியது. ஒரு வாக்கைக் காப்பாற்ற வேண்டுமானால் இன்னொன்றை மிதிக்க வேண்டும். தேவசகாயம் யூசுப்பின் முகத்தைப் பார்க்காமல், “வெட்டிரு” என்றார்.

ஊர்வல நாளன்று நாச்சிமுத்து காரை வாங்கிச் சற்றுத் தூரம் ஓட்டினார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். வண்டி நேராகப் போனது. டிக்கியைத் திறந்தால் வளைந்த இரும்பு சாக்கில் கட்டிக் கிடந்தது.

“சாட்சியைச் சாக்குல கட்டிட்டீங்களா தோழர்? இது நம்ம வண்டி இல்ல.”

காருக்குப் பதிலாக வாடகை டெம்போ ஒன்று ஊர்வலத்துக்கு முன்னால் போனது. கார் கடைசியில் வந்தது. ராமாத்தாள் வழக்கம்போல கொடியோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

முதல் வேகத்தடையில் முன்சக்கரங்கள் பூப்போல ஏறி இறங்கின. அவள் தேவசகாயத்தைப் பார்த்துச் சிரித்தாள். அப்போது பின்சக்கரங்கள் ஏறின. பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங் அதே பழையதுதான். அத்தனை பேச்சிலும் அதை யாரும் நினைக்கவில்லை. வண்டி அவளைத் தூக்கிப் போட்டது.

“நிறுத்து தம்பி.”

கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கொடிக்கம்பை ஊன்றி, காருக்குப் பின்னால் போய், அந்த வேகத்தடைமேலேயே உட்கார்ந்தாள். வண்டிகளுக்கு வழி விடுங்கம்மா என்று காவலாளி கெஞ்சினான்.

“நான் இதும்மேல ஏறுனா எனக்கு வலிக்குது சாமி. அதான் இப்ப உக்காந்துட்டேன். இத எடுங்க, எந்திரிக்கறேன்.”

ஹார்ன்கள் அலறின. தூணருகே போய்விட்ட தோழர்கள் திரும்பிப் பார்த்தபடி நின்றார்கள். தேவசகாயம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால் எடுத்தால் அவள் இருக்கிறாள். முன்னால் போனால் அவள் இல்லை.

வளைவைக் காக்க நினைத்த நாச்சிமுத்து, முதுகைக் காக்க நினைத்த யூசுப், ஒரு வாக்கை விட்டு இன்னொன்றை மீட்கப் பார்த்த தேவசகாயம், நடுப்பாதையில் உட்கார்ந்த ராமாத்தாள். சொல்லுங்கள், இந்த நால்வரில் யார் செய்தது சரி?

விடை: அதே வண்டி, அதே வளைந்த சட்டம், அதே அடிபட்ட முதுகு. இவற்றோடு அவள் பல ஆண்டுகள் பாடிக்கொண்டே போய்வந்தாள். புதிதாக வந்தது வேகத்தடை மட்டுமே. காலமெல்லாம் போராடியவர்கள் தங்கள் இரும்பைத் திருத்துவதா வேண்டாமா என்று சண்டையிட்டார்களே ஒழிய, வேகத்தடையை எடு என்று எதிரே நிற்பவனிடம் கேட்க ஒரு வரித் தீர்மானம் போடவில்லை. சரியாகச் செய்தவள் ராமாத்தாள். சரி என்பதால் அவள் வென்றுவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்காரவைத்துக் காவலாளிகள் அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் குடியிருப்பின் கேட்டுக்கு வெளியே இறக்கினார்கள். தேவசகாயத்தால் கார்க் கதவைத் திறந்து பிடிக்கத்தான் முடிந்தது. வேகத்தடை அங்கேயே இருக்கிறது. இப்போது அதற்கு மஞ்சள் வண்ணம் அடித்திருக்கிறார்கள்.