டெய்சியின் உள்ளங்கை

“சாமி, ஒரு பிள்ளையோட கையைக் கட்டிப்போட்டுட்டேன்” என்றார் ஜெபமணி வாத்தியார்.

தைவானில் ஒரு மலை. மலைமேல் ஒரு கோயில். அங்கே மூடுபனி எவ்வளவு கெட்டி என்றால், துவைத்த துணியை அதன் மேலேயே காயப்போட்டுவிட்டுப் போவார்கள். கோயில் குருவுக்கு வயது நூற்று மூன்று. மலையைக் கேட்டால், எனக்கு அண்ணன் என்று சொல்லும்.

குரு முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“கயிறா, சங்கிலியா?”

“மணி, சாமி.”

குரு ஒரு முள்ளங்கியைப் பிடித்து இழுத்தார். பொல்லாத முள்ளங்கி. அது மண்ணைவிட்டு வருவதற்குள் வாத்தியார் முக்கால் கதையைச் சொல்லிவிட்டார்.

அவர் நாகர்கோவில்காரர். ஒன்பது வருஷமாக அடிவாரத்து ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறார். வருஷா வருஷம் ஸ்பெல்லிங் போட்டி வைப்பார். மேடையில் ஒரு பிள்ளை, மேஜையில் ஒரு மணி. தப்பென்றால் வாத்தியார் மணியை அடிப்பார், பிள்ளை இறங்கிவிடும். போட்டி முடியும்வரை அந்த மண்டபத்து ஈக்கள் நடந்துதான் போகும், பறக்காது.

“டெய்சின்னு ஒரு பிள்ளை. ஒன்பது வயசு. கடைசிச் சுற்று வரைக்கும் வந்துட்டா. ஆறு எழுத்து சொன்னா. ஏழாவதுக்கு முன்னாடி உள்ளங்கையில விரலால எழுதிப் பார்த்தா.”

“இந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தானே. பேரு கேட்டாக்கூட நம்ம கையைப் பிடிச்சு எழுதித்தான் காட்டுவாங்க.”

“கையில எழுதக் கூடாது, வாயால மட்டும் சொல்லணும்னு விதி, சாமி.”

“யாரு போட்டது?”

“நான்தான்.”

“அடிச்சீங்களா?”

“அடிச்சேன். மணிச் சத்தம் அடங்கினப்புறம் அந்த ஏழாவது எழுத்தையும் சொன்னா. சரியாத்தான் சொன்னா. சொல்லிட்டு இறங்கிப் போயிட்டா.”

முள்ளங்கி வந்தது. குரு மண்ணைத் தட்டினார்.

“மறுநாள் வகுப்புல ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு உட்கார்ந்திருந்தா. அதுக்கு மறுநாளும் அப்படியே. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துட்டேன். அடுத்த மாசம் அவ அப்பாவுக்கு வேலை மாறி, குடும்பத்தோட தெற்கே போயிட்டாங்க. எந்த ஊருன்னு யாருக்கும் தெரியல.”

“இப்ப என்ன வேணும்?”

“அவகிட்ட ஒரு வார்த்தை பேசணும். இங்க நாலு ஊர் ஜனம் வருது, நீங்க விசாரிச்சா தெரியும். இல்லன்னா, அந்தப் பிள்ளைக்காக ஒரு வேண்டுதலாவது வைங்க.”

“விசாரிக்கவும் பேரு வேணும், வேண்டவும் பேரு வேணும்.”

குரு தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினார். துடைக்காமல் நீட்டினார்.

“எழுதுங்க.”

வாத்தியார் அந்த ஈர உள்ளங்கையில் இங்கிலீஷில் ஐந்து எழுத்து எழுதினார்.

“என்ன இது?”

“டெய்சி.”

“இது நீங்க வச்ச பேரு. இங்கிலீஷ் வாத்தியாருங்க, பிள்ளைங்க வந்த முதல் நாளே ஆளுக்கொரு இங்கிலீஷ் பேரு கொடுத்துடறீங்க. போன வாரம் ஒரு பையன் வந்தான், பேரு பட்டராம், ரொட்டியில தடவற பட்டர். அவங்கப்பா இன்னும் சிரிச்சு முடிக்கல. வீட்டுல கூப்பிடற பேரை எழுதுங்க.”

வாத்தியார் விரலை வைத்தார். விரல் வைத்த இடத்திலேயே நின்றது.

“வருகைப் பதிவுலயும் டெய்சிதான், சாமி.”

“எத்தனை நாள் உங்ககிட்ட படிச்சா?”

“ரெண்டு வருஷம்.”

குருவின் கையில் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது.

“அவ சொல்லவே இல்லையா?”

“சொல்ல வந்தா. முதல் நாள், என் கையைப் பிடிச்சு எழுத ஆரம்பிச்சா.”

“அப்புறம்?”

“கூசுதுன்னு சிரிச்சுக்கிட்டே கையை இழுத்துக்கிட்டேன்.”

குரு நீட்டிய கையை மடக்கவில்லை.