சோப்பு வைக்க இடம்

“இடம் பத்தலீங்க மேஸ்திரி” என்றார் வையாபுரி.

நான்கு நாளாக இதே பாட்டு.

மேஸ்திரி ரெஜினா நிமிரவில்லை. கரூரில் வண்டிகளுக்குப் பாடி கட்டுகிறவள். வையாபுரிக்கு மகள் வயதுதான். அதனால் என்ன? வேலை தெரிந்தவரிடம்தானே கேட்க வேண்டும்.

“அதுக்கு? வண்டியை இழுத்து நீட்டட்டுங்களா?”

“அதில்லீங்க. மூணடிக்கு நாலடி. அதுக்குள்ள வெஸ்டர்ன் டாய்லெட், ஷவர், வாஷ்பேசின், உட்கார்ந்து குளிக்க ஒரு பலகை. ஒண்ணை வச்சா ஒண்ணு வெளிய போகுது.”

முப்பது வருஷம் பொதுப்பணித் துறையில் படம் வரைந்தவர். அணை மதகெல்லாம் வரைந்த கை. வேனுக்குள் ஒரு குளியலறை அவருக்குத் தண்ணி காட்டியது.

விளையாட்டுக்கு வரையவில்லை. கல்யாணமான புதிதில் மனைவி கோமதியிடம் சொன்ன வார்த்தை: “ஊரெல்லாம் சுத்திக் காட்டறேன்.” வேலை எங்கே விட்டது? ஓய்வு பெற்றதும் பழைய வேன் ஒன்றை வாங்கினார். வாங்கிய மாதமே அவளுக்குப் பக்கவாதம். வலது கை விளங்காமல் போயிற்று.

“எங்க வேணா வர்றேன். கண்ட இடத்துல குளிக்க மாட்டேன். வண்டிக்குள்ளயே பாத்ரூம் இருந்தா கூப்பிடுங்க. இல்லேன்னா ஆளை விடுங்க” என்று கோமதி சொல்லிவிட்டாள்.

ரெஜினா படத்தைப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள். சாக்பீஸை எடுத்துப் பட்டறைத் தரையில் மூன்றடிக்கு நான்கடியில் ஒரு கட்டம் போட்டாள். உள்ளே காலி பெயிண்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்து வைத்தாள்.

“குளிங்க.”

“இங்கயா? தண்ணி?”

“சும்மா குளிங்க. அம்மா குளிக்கற மாதிரி.”

வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்கள். வையாபுரிக்குக் காது சுட்டது. ஆனாலும் டப்பாவில் உட்கார்ந்தார். வலது கையை மடியில் போட்டார். இடது கையால் இல்லாத தண்ணீரை மொண்டு ஊற்றினார். மார்பைத் தேய்த்தார். வலது தோளைத் தேய்த்தார்.

கை நின்றது.

“என்னாச்சு? இடது கை அழுக்காவே இருக்கட்டுமா?”

“அதை அவளால தேய்க்க முடியாதுங்களே. கையும் முதுகும் நான்தான் தேய்ச்சு விடறது.”

“நீங்க எங்க நிக்கறீங்க?”

வையாபுரி கட்டத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். டாய்லெட் இருந்தது. ஷவர் இருந்தது. கதவு இருந்தது, தாழ்ப்பாளோடு.

அவர் கதவுக்கு வெளியே இருந்தார்.

“ஸ்கேல் வச்சுத்தான் அளந்தேனுங்க.”

“ஸ்கேலுக்கு முதுகு ஏதுங்க?”

சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவர் எழுந்திருக்கவில்லை.

பவானிசாகர் ஞாபகம் வந்தது. முதல் வேலை. முதல் வாடகை வீடு. கொல்லையில் நாலு தகரத்தை நிறுத்தினால் குளியலறை. இந்தக் கட்டத்தில் பாதிகூட இருக்காது. மதியத்தில் தகரம் கொதிக்கும். முழங்கை பட்டால் சுர்ரென்னும். ஒரே வாளி, இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை சீயக்காய் கண்ணில் போய் அவர் கத்துவார். தகரம் அதிர அவள் சிரிப்பாள். சோப்பு வைக்க ஒரு திட்டுகூடக் கிடையாது. கோமதிதான் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

இடம் போதவில்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை.

மறுநாள் புதுப் படம் வந்தது. வாஷ்பேசின் போயிற்று. தடுப்புச் சுவர் போயிற்று. கதவும் போயிற்று. நடைவழியையும் சேர்த்து ஒரே ஈரத்தரை, சுற்றி இழுக்க ஒரு திரை. வண்டிக்கதவைப் பூட்டினால் உள்ளே இரண்டே பேர்.

ரெஜினா நெடுநேரம் பார்த்தாள். இந்த முறை திருப்பிக் கொடுக்கவில்லை.

“எல்லாஞ்சரி. சோப்பு வைக்க இடத்தையே காணோமே?”

வையாபுரி உள்ளங்கையை விரித்து நீட்டினார்.