பூவலிங்கம் மாமாவுக்கு ஒரு தொடை

நேத்து உன் சித்தி நான் பஸ்ல வந்தேன்ல, அப்போ முன் சீட்டுல ஒரு அம்மா பக்கத்துல இருந்தவங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருந்தாங்க. "எங்க வீட்டுக்காரருக்கு அம்பது வயசாகப் போகுது. இன்னும் ஒரு ஆட்டுத்தொடைய முழுசா தின்னதில்ல." அவ்வளவுதான் காதுல விழுந்துச்சு. அதுக்குள்ள என் ஸ்டாப் வந்துடுச்சு, எறங்கிட்டேன். மிச்சத்த நானே சொல்றேன். நீ ம் போடணும். போடலைன்னா நீ தூங்கிட்டன்னு லைட்ட அணைச்சுடுவேன்.

ம்.

ஒரு ஊர்ல ஒரு மாமா. ஊரு பேரு கொய்யாமரத்துப்பட்டி, மாமா பேரு பூவலிங்கம். அவரு பொண்டாட்டி அன்னக்கொடி அத்தை. அந்த வீட்டுல ஒரு வழக்கம். கேட்டுக்குள்ள யாரு வந்தாலும் விருந்தாளி. விருந்தாளி சாப்பிட்டு ஏவ்வ்னு ஏப்பம் விட்டப்புறம்தான் வீட்டு ஆளு இலையில உக்காரணும். பொறந்தநாளே ஆனாலும் மாமா வீட்டு ஆளுதானே? வருஷா வருஷம் அவருக்குக் கடைசியில கெடைக்கிறது, கொழம்புல நீச்சலடிச்சுக்கிட்டு இருக்குற ஒத்த எலும்பு. அத சுர்ர்ர்னு உறிஞ்சிட்டுப் போய்ப் படுத்துக்குவாரு.

கேக்கா? கேக்கும் வெட்டுவாங்க. அதையும் விருந்தாளிங்கதான் தின்பாங்க.

அப்புறம் அம்பதாவது பொறந்தநாள் வந்துச்சு. மாமா முடிவு பண்ணிட்டாரு. இந்தத் தடவ கொழம்பே கிடையாது, முழு ஆட்டக் கம்பியில கோத்து, தணலுக்கு மேல சுத்திச் சுத்திச் சுடப்போறோம், ஒருத்தரையும் கூப்பிடல, பின்தொடை ஒண்ணு எனக்குன்னு சொல்லிட்டாரு. அத்தையும் யோசிச்சுப் பாத்துட்டு, யாரும் வரலைன்னா உங்களுக்குத்தாங்கன்னு ஒத்துக்கிட்டாங்க.

அப்போ கம்பிய யாரு சுத்துறது? மூணு மணி நேரம் கையால சுத்துனா கை கழண்டுடும்ல. மாமா தெருமுனைக்குப் போயி, கரும்பு ஜூஸ் போடுற சின்னக்காளைகிட்ட அவரு மிஷின இரவல் வாங்கிட்டு வந்தாரு. அதுல பெரிய இரும்புச் சக்கரம் இருக்குமே, அந்தச் சக்கரத்தோட கம்பிய இறுக்கிக் கட்டிட்டாரு. சக்கரம் சுத்துனா ஆடும் சுத்தும். சக்கரத்துல மணி வேற கட்டியிருந்துச்சு. பொறந்தநாள்தானே, இருந்துட்டுப் போகட்டும்னு அவுக்காம விட்டுட்டாரு.

ம்.

மஞ்சளும் மொளகும் எலுமிச்சம்பழமும் தேச்ச ஆடு தணலுக்கு மேல ஏறுச்சு. மாமா சக்கரத்தச் சுத்துனாரு. சலங் சலங் சலங். கொழுப்பு தணல்ல சொட்டுச்சு. சொய்ய்ங். வாசனை கமகமகமன்னு வேலி தாண்டிப் போச்சு.

எதுத்தாப்புல பஸ் ஸ்டாப். வெயில்ல காஞ்சுக்கிட்டு நின்ன ஏழு பேருக்கு மணிச் சத்தம் கேட்டுச்சு. நேரா உள்ள வந்து, ஏழு ஜூஸ், ஐஸ் கம்மியான்னாங்க. மாமா இங்க ஜூஸே கிடையாதுங்கன்னாரு. அத்தை மெதுவா அவரத் தள்ளி நிறுத்திட்டு, வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்புறதா, உக்காருங்கன்னு இலை போட்டாங்க. முன்னங்கால் ரெண்டும் லபக் லபக். நெஞ்சுக்கறியும் லபக். ஏவ்வ் ஏவ்வ்னு ஏழு ஏப்பம்.

பரவால்ல, தொடை ரெண்டும் இருக்குன்னு மாமா மறுபடியும் சுத்துனாரு. சலங் சலங். அப்போ தடதடதடன்னு ஒரு சத்தம். கபடி ஆடிட்டு வந்த பசங்க, மண்ணும் வேர்வையுமா. அவங்களுக்கும் ஜூஸ்தான் வேணுமாம். ஜூஸ் இல்லன்னதும் கறியே போதும் அத்தைன்னுட்டாங்க. ஒரு தொடை போச்சு. எலும்ப யாரு கடிக்கிறதுன்னு அதுக்கும் ஒரு கபடி ஆடுனாங்க.

தூங்கிட்டியா?

ம்ம்.

இந்த மணிதான் ஜூஸ் ஜூஸ்னு ஆளக் கூப்பிடுதுன்னு அப்போதான் மாமாவுக்கு உறைச்சுது. மணிய அவுக்கப் போனா, கயித்து முடிச்சு கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு. வீட்டுக்குள்ள ஓடி, தன்னோட பனியன், சாக்ஸ், தலகாணி உறை எல்லாத்தையும் கொண்டாந்து மணிக்குள்ள திணிச்சாரு. இப்ப சுத்துனா சத்தமே இல்ல. மாமா சிரிச்சாரு. ஆனா மணி அடங்குனதும் சக்கரத்தோட சத்தம் வெளிய வந்துடுச்சு. கிறீச். கிறீச். கிறீச். மூணு தெரு தள்ளித் தூங்கிட்டிருந்த சின்னக்காளை எந்திரிச்சு, கையில எண்ணெய்க் கிண்ணத்தோட ஓடி வந்தாரு. என் மிஷின் அழுவுறது எனக்குத் தெரியாதான்னு அதத் தடவிக் குடுத்து எண்ணெய் விட்டாரு. பாக்க ஊதுபத்தி மாதிரி இருப்பாரு. கழுத்து, முதுகு, ஈரல் எல்லாம் அவரு ஒருத்தரே லபக்.

கம்பியில இப்ப ஒரே ஒரு தொடைதான். அது பாட்டுக்குத் தனியா சுத்திக்கிட்டு இருக்கு.

அப்போ தெருவுல டுர்ர்ர்ர்னு ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்னுச்சு. உள்ள எத்தன தலைன்னு எண்ணவே முடியல. அத்தை அடுத்த இலைய எடுத்துட்டாங்க. மாமா அந்த இலையப் பாத்தாரு, தொடையப் பாத்தாரு, ஆட்டோவப் பாத்தாரு. விட்டாரு ஓட்டம். கொல்லப்பக்கமா ஓடி, செவுரு ஏறி, தொப்புன்னு குதிச்சாரு. வேட்டி டர்ர்ர்னு கிழிஞ்சுது. சந்துல பூந்து, ஆட்டோவுல வந்தவங்க காலக் கீழ வைக்கிறதுக்குள்ள முன்வாசல் கேட்டுக்குள்ள வந்து நின்னாரு. மூஞ்சி பூரா கரி.

மூச்சு வாங்க, கையக் கூப்பிக்கிட்டுச் சொன்னாரு. "அம்மா, இந்தப் பக்கமாப் போனேங்க. ரொம்பப் பசிக்குது."

அத்தை அவர மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தாங்க.

"எந்த ஊருங்க நீங்க?"

"உள்ளூருதாங்க. இந்த வீட்டுல இதுவரைக்கும் விருந்து சாப்பிட்டதில்லைங்க."

பின்னாடி ஆட்டோவுலேர்ந்து ஒவ்வொருத்தரா எறங்குறாங்க.

இப்ப நீ கண்ண மூடிக்கோ. கதையும் கொட்டாவி விடுது, கடைசி வரி சொன்னதும் அதுவும் படுத்துடும். மூடிட்டியா?

ம்…

அப்புறம் அன்னக்கொடி அத்தை இலைய விரிச்சு, தண்ணி தெளிச்சு, கம்பியிலேர்ந்து அந்தத் தொடைய உருவி, முழுசா அவருக்கு முன்னாடி வச்சாங்க.