யார் காதுக்கும் கேட்காத குரல்

நீரும் வாய் திறந்து பேசிய காலம் அது. அப்போது மலை உச்சியில் ஒரு சுனை இருந்தது. அதில் தவளை ஒருத்தி முட்டையிட்டு, நாற்பது தலைப்பிரட்டைகள் பிறந்திருந்தன. அந்த வருடம் குளிர் சொல்லாமல் கொள்ளாமல் முன்னதாகவே வந்துவிட்டது.

"உறைஞ்சுபோற குளிரை எப்பவோ தாண்டிட்டேன்," என்றது சுனை. "உன் பிள்ளைங்களுக்காகத்தான் இன்னும் உறையாம பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன். வெயில் வர்ற வரைக்கும் யாரும் அசையக் கூடாது, சத்தம் போடக் கூடாது. ஒரு சின்ன அதிர்வு வந்தாலும் தாங்க மாட்டேன்."

சுனைக்குப் பல் ஏது என்று கேட்காதீர்கள். அன்று அந்த மலையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

தவளை கரையேறிப் பாறையில் உட்கார்ந்தாள். குருவிகள் அலகைத் திறக்கவில்லை. மான்கள் நின்ற இடத்திலேயே நின்றன. ஒரு தாய்க்காக மலையே வாயைக் கட்டிக்கொண்டது.

விடியும் நேரத்தில் மூடுபனி இறங்கிச் சுனையை மறைத்தது. பெற்ற மனம் எத்தனை நேரம்தான் தாங்கும்? பக்கத்தில் இருந்த வௌவாலின் காதோடு காதாக, வெறும் மூச்சாய்க் கேட்டாள்:

"தம்பி, என் பிள்ளைங்க உசுரோட இருக்காங்களான்னு பாத்துச் சொல்லுடா."

வௌவால் குரலால் பார்க்கிறவன். அவன் குரல் எதன்மேலாவது பட்டுத் திரும்பினால் அது என்னவென்று அறிந்துகொள்வான். மற்ற யார் காதுக்கும் அது கேட்காது.

"கேக்காத சத்தம் என்ன பண்ணிடப் போகுதுக்கா? இதோ பாத்துடறேன்," என்றான். நல்ல மனசுதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

தாழப் பறந்து ஒரே ஒரு முறை கூவினான். அதுவரை அந்தக் குரல் நீருக்கும் கேட்டதில்லை. அன்று சுனை அத்தனை மூச்சடக்கி நின்றதால் கேட்டுவிட்டது. உள்ளே பொடிப்பொடியாய்க் குமிழிகள் கிளம்பி உடைந்தன. உடைந்த இடமெல்லாம் ஒரு வெள்ளைப் புள்ளி முளைத்தது.

"ஐயோ, யாரது?" என்றது சுனை. அதற்குமேல் அதனால் பேச முடியவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் கரையிலிருந்து கரைவரை பனிக்கட்டி.

வெயில் வந்தது, கொஞ்சம் தாமதமாக. பனிக்கட்டிக்குள் நாற்பது கறுப்புப் புள்ளிகள் அப்படியே நின்றன. தவளை வௌவாலைத் திட்டவில்லை. "பாக்கச் சொன்னது நான்தானே," என்றாள். திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

அந்த விடியலிலிருந்துதான், குளிரை அடக்கிக்கொண்டு உறையாமல் நிற்கும் நீர், யார் காதுக்கும் கேட்காத சத்தத்துக்கும் சட்டென்று உறைந்துவிடுகிறது. வௌவாலும் குளிர் வந்ததும் பாறை இடுக்கில் தலைகீழாய்த் தொங்கிக்கொண்டு, எந்தத் தாய் வந்து கேட்டாலும் வாய் திறப்பதில்லை.